வால் சக்கரத்தை மாற்றும்போது கிங்பின் சாய்வுதான் முதல் கணக்கு

சொந்தமாகக் கட்டிய இலகு விமானத்தின் டெயில் வீலை மாற்ற நினைக்கும் பலரும் முதலில் புரட்டுவது விலைப்பட்டியலை. ஆறு அங்குலமா எட்டு அங்குலமா, காற்றடைத்ததா கட்டி ரப்பரா, தயாரித்த நிறுவனம் மவுலேவா ஸ்காட்டா மாட்கோவா என்று பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் எவ்வளவு நல்ல சக்கரத்தையும் தவறான சாய்வில் பூட்டினால் அது ஆடத்தான் செய்யும். சாய்வு சரியாக இருந்தால் பழைய சாதாரணச் சக்கரம்கூட ஒழுங்காக ஓடும். அதனால் காசைச் செலவழிக்கும் முன் கிங்பின் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். கிங்பின் என்பது சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இடமும் வலமும் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் தண்டு.

எதற்காக மாற்றுகிறீர்கள் என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓடும்போது படபடவென ஆட்டம், அடிக்கடி பஞ்சர், திருப்பினால் மந்தமான திரும்பல், ஹேங்கர் என்ற விமானக் கொட்டகைக்குள் பின்னோக்கித் தள்ளும்போது சக்கரம் முழுதாகச் சுழலாமல் முரண்டு பிடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆட்டத்துக்குப் பெரும்பாலும் சாய்வும் தேய்ந்த புஷ்ஷும் (கிங்பின் சுழலும் உலோக உறை) தான் காரணம். மந்தமான திரும்பலுக்கு, ரட்டரோடு (வாலில் இடவலம் திரும்பும் பலகை) சக்கரத்தை இணைக்கும் செயினும் ஸ்பிரிங்கும் காரணம். இவற்றுக்குப் புதிய சக்கரம் வாங்கிப் பயனில்லை.

கிங்பின் எப்படி நிற்க வேண்டும்

ஆட்கள், எரிபொருள், சாமான் எல்லாம் ஏற்றி, விமானம் மூன்று சக்கரத்திலும் நிற்கும்போது, பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கிங்பின் செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் மேல்முனை சில டிகிரி பின்பக்கம், அதாவது வால் பக்கம், சாய்ந்திருக்கலாம். 0 முதல் 5 டிகிரி வரை என்பது நல்ல வரம்பு. உங்கள் சக்கரத்தின் கையேடு வேறு எண் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். மேல்முனை முன்பக்கம் சாயவே கூடாது.

காரணம் எளிது. சக்கரம் கிங்பின்னுக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. மேல்முனை முன்பக்கம் சாய்ந்திருந்தால், சக்கரம் பக்கவாட்டில் திரும்பும் ஒவ்வொரு முறையும் வால் சற்று மேலே தூக்கப்படும். தூக்கப்பட்ட வாலின் எடை சக்கரத்தை நடுவுக்குத் தள்ளும். அது நடுவில் நிற்காமல் தாண்டி மறுபக்கம் போகும், அங்கிருந்து மறுபடி திரும்பும். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரை வேகமாகத் தள்ளும்போது அதன் சிறு சக்கரம் துடிப்பதைப் போல இதுவும் துடிக்கத் தொடங்கும். இதைத்தான் ஷிம்மி என்கிறோம். சில விநாடி நீடித்தாலே போதும், செயின் கொக்கி விரியும், போல்ட் ஓட்டை நீளும், ரட்டர் கீல்கள் அடி வாங்கும்.

மேல்முனை பின்பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்தாலும் தொல்லை உண்டு. திரும்பிய சக்கரம் நடுவுக்கு வர மறுக்கும், பெடல் கனக்கும்.

புதிதாகக் கட்டியபோது சரியாக இருந்த கோணம் காலப்போக்கில் கெடுவது லீஃப் ஸ்பிரிங், அதாவது வால் சக்கரத்தைத் தாங்கும் எஃகுப் பட்டை அடுக்கு, தளர்வதால். பட்டையின் வளைவு நிமிர நிமிர அதன் பின்முனை மேல்நோக்கிச் சுழலும், கூடவே கிங்பின்னின் மேல்முனை முன்னால் போகும். "போன வருஷம் வரை நன்றாக ஓடியது, இப்போது ஆடுகிறது" என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பட்டையைத்தான்.

கழற்றும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

ஹேங்கர் தரை மட்டமாக இருப்பது அரிது. மழைநீர் வடிவதற்காகவே சரிவு விட்டிருப்பார்கள். இரண்டு மீட்டர் நீள அலுமினியச் சட்டத்தை முன்னும் பின்னுமாகத் தரையில் வைத்து, அதன் மேல் ரசமட்டத்தையோ கோணம் காட்டும் போனையோ வைத்துத் தரைச் சரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிங்பின் கூட்டின் இயந்திரத்தில் கடைந்த நேர்பரப்பில் வைத்துக் கோணத்தை எடுத்து, தரைச் சரிவைக் கழிக்க வேண்டும். வார்ப்பின் கரடுமுரடான பக்கத்தில் வைத்து எடுத்த அளவை நம்ப முடியாது.

இந்த அளவை இரண்டு நிலையில் எடுக்க வேண்டும். ஒன்று காலி விமானம். இன்னொன்று முழு எரிபொருள், இரண்டு ஆள், சாமான் பெட்டியில் அனுமதித்த முழு எடை. ஒவ்வொரு முறையும் அளக்கும் முன் வாலைக் கையால் இரண்டு மூன்று தடவை அமுக்கி விடுங்கள். பட்டைகளுக்கு இடையிலான உராய்வு அளவைப் பொய்யாக்காமல் இருக்க அது தேவை. காலியில் மேல்முனை 4 டிகிரி பின்னால் இருந்து, ஏற்றியதும் 3 டிகிரி முன்னால் போகிறது என்றால் பட்டை மிகவும் மென்மையானது. ஆப்பு வைத்து மட்டும் அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது, பிரதான சக்கர அச்சுக்கும் வால் சக்கர அச்சுக்கும் உள்ள தூரம். இரண்டு அச்சிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி குறித்து அளவுநாடா பிடியுங்கள். வால் சக்கரத்தின் மேல் விழும் எடையையும் தராசில் வைத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளில் இருப்பது போன்ற தட்டு எலக்ட்ரானிக் தராசு இதற்குப் போதும், முத்திரை காலாவதி ஆகாமல் இருந்தால் சரி. தராசின் உயரத்துக்குச் சமமான கட்டைகளைப் பிரதான சக்கரங்களுக்கு அடியிலும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வால் மட்டும் உயர்ந்து எடை குறைத்துக் காட்டும்.

கடைசியாக, ஃபோர்க்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் லொடலொடவென ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது. பல சமயம் வேலை இங்கேயே முடிந்துவிடும். ஓசூர் சிப்காட் பக்கம் நல்ல லேத் பட்டறைகள் இருக்கின்றன. பாஸ்பர் பிரான்ஸில் புது புஷ் கடைந்து, அழுத்தி இறக்கி, ரீமர் போட்டுக்கொண்டால் புதிய சக்கரம் தேவைப்படாமலே போகலாம்.

எந்தச் சக்கரம்

மாற்றுவதே என்று முடிவானால், முதலில் சுழலும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரட்டருடன் மட்டும் திரும்பும் எளிய வகை எடை குறைவு, ஆனால் குறுகிய இடத்தில் விமானத்தைத் திருப்ப முடியாது. ரட்டரோடு திரும்பி, குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டியதும் தானே விடுபட்டு முழுச்சுற்று சுழலும் வகைதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். மூன்றாவது, நேராகப் பூட்டிக்கொள்ளும் வகை. ஓட்டத்தில் உறுதியாக நிற்கும், தரையில் ஊர்ந்து போகும்போது பிரேக்கை நம்பித்தான் திரும்ப வேண்டும். பிரதான பிரேக் வலுவில்லாத விமானத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

அடுத்தது டயர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் நெருஞ்சி முள் இல்லாத மேய்ச்சல் நிலம் கிடையாது. ஓரத்தில் சீமைக் கருவேலமும் நிற்கும். புல்தரையிலோ சமன்படுத்திய செம்மண் பாதையிலோ நிறுத்தும் விமானத்துக்குக் காற்றடைத்த சிறு டயர் ஓயாத தலைவலி. இந்த மண்ணில் கட்டி ரப்பர்தான் எங்கள் பரிந்துரை. காற்றடைத்த எட்டு அங்குலச் சக்கரம் மேடுபள்ளத்தில் வாலுக்கு மென்மையாக இருக்கும் என்பது உண்மைதான். அதைத்தான் போடுவேன் என்றால் கனமான டியூப் போடுங்கள், காற்றழுத்தத்தை ஒவ்வொரு பறப்புக்கும் முன் பாருங்கள். காற்று குறைந்தால் ஆட்டம் வரும். பைக்குக்கு ஊற்றும் பஞ்சர் திரவத்தை இதில் ஊற்றாதீர்கள். நிறுத்திய இடத்தில் அடியில் தேங்கி, சிறிய சக்கரத்தின் சமநிலையைக் கெடுக்கும்.

பேரிங்கைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதையே வாங்க வேண்டும். இங்குள்ள செம்மண் புழுதி மாவு போல நுண்ணியது. திறந்த பேரிங்கில் கிரீஸோடு சேர்ந்து அரைத்துவிடும்.

விட்டம் கூடினால் நிலையும் மாறும். ஆறு அங்குலத்திலிருந்து எட்டுக்குப் போனால் வால் 25 மி.மீ. உயரும். அச்சுகளுக்கு இடையே 4.2 மீட்டர் உள்ள விமானத்தில் இது மூன்றில் ஒரு டிகிரி. இறங்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஃபோர்க்கின் உயரமும் கூடினால் கணக்கை மறுபடி போட வேண்டும்.

எடைக் கணக்கு

வாலில் சேரும் ஒவ்வொரு நூறு கிராமும் நீண்ட நெம்புகோலின் முனையில் தொங்குகிறது. காலி எடை 320 கிலோ உள்ள இரண்டு இருக்கை விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் சக்கரம் 4 மீட்டர் பின்னால் இருக்கிறது, புதிய சக்கரத் தொகுதி பழையதைவிட 1.2 கிலோ கூடுதல். ஈர்ப்பு மையம் பின்னால் நகரும் தூரம்: 1.2 ஐ 4 ஆல் பெருக்கி, புதிய மொத்த எடையான 321.2 ஆல் வகுத்தால் 0.0149 மீட்டர், அதாவது சுமார் 15 மி.மீ. இதே விமானம் 550 கிலோ ஏற்றிய நிலையில் இருந்தால் நகர்வு சுமார் 9 மி.மீ. அனுமதித்த மொத்த வரம்பே 150 மி.மீ. என்றால், ஏற்கெனவே பின் எல்லையை ஒட்டிப் பறக்கும் விமானத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. பின் எல்லையைத் தாண்டினால் ஸ்டாலில் (இறக்கை தூக்குவிசை இழக்கும் நிலை) இருந்தும் ஸ்பின்னில் (சுழன்று விழும் நிலை) இருந்தும் மீள்வது கடினமாகும்.

ஈடுகட்ட வழி உண்டு. கூடிய திருப்புவிசை 4.8 கிலோகிராம்-மீட்டர் (எடை பெருக்கல் தூரம்). 6 கிலோ பேட்டரியை 80 செ.மீ. முன்னால் நகர்த்தினால் அது சரியாகிவிடும். ஈயக்கட்டி சேர்ப்பதைவிட இருக்கும் பொருளை நகர்த்துவது மேல். எதைச் செய்தாலும் மூன்று சக்கரத்தையும் மறுபடி எடை போட்டுப் புதிய அறிக்கை எழுத வேண்டும். பட்டியலில் அச்சிட்ட எடையை வைத்து மட்டும் எழுதாதீர்கள். பழைய தொகுதியையும் புதியதையும் போல்ட், செயின் சகிதம் தராசில் வைத்துப் பாருங்கள்.

சேகரிக்க வேண்டியவை

பட்டை ஸ்பிரிங் உள்ள சாதாரண அமைப்புக்கு இவை வேண்டும்:

- சக்கரம், ஃபோர்க், தலைப்பகுதி சேர்ந்த தொகுதி 1
- ஸ்டீரிங் ஸ்பிரிங் 2, பக்கத்துக்கு ஒரு துண்டாக செயின் 2, திருகி மூடும் இணைப்பு வளையம் 4
- தொகுதியைப் பட்டையில் பிடிக்கும் ஏஎன் வகை (விமானத் தரத்து) போல்ட், நட், வாஷர். எண்ணிக்கையும் நீளமும் கையேட்டின்படி, வாஷர் மட்டும் இரட்டிப்பாக வாங்குங்கள்
- ஸ்பிளிட் பின் ஒரு டஜன், 0.8 மி.மீ. லாக்கிங் வயர் சிறு சுருள்
- விரிசல் பார்க்கும் டை பெனட்ரன்ட் 3 டப்பா செட்: கிளீனர், சிவப்புச் சாயம், டெவலப்பர்
- கையேடு சொல்லும் கிரீஸ், இறுக்கும் விசையை அளந்து காட்டும், சிறிய எண் கொண்ட டார்க் ரெஞ்ச்

போல்ட் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடை மெட்ரிக் போல்ட் விமானத்தின் அங்குல ஓட்டைக்குப் பொருந்துவது போலத் தோன்றும், பொருந்தாது. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. அதில் 8 மி.மீ. போல்ட்டைச் சுத்தியலால் தட்டினால் இறங்கிவிடும், ஓட்டையின் சுவரைக் கெடுத்துவிட்டு. 1/4 அங்குலம் 6.35 மி.மீ. 6 மி.மீ. போல்ட் அதில் ஆடும், நாளடைவில் ஓட்டையை முட்டை வடிவாக்கும். லாரி போல்ட்டில் 8.8 என்று முத்திரை இருந்தாலும் இந்த இடத்துக்கு அது உதவாது.

கழற்றுதல்

பிரதான சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். காற்றில்லாத நேரத்தில், ஹேங்கருக்குள் செய்வது நல்லது. வாலைத் தூக்கும்போது ஸ்டெபிலைசரின் (வாலின் கிடைமட்டச் சிறகு) ஓரத்தைப் பிடிக்கவோ அதற்கு முட்டுக் கொடுக்கவோ கூடாது. உடற்பகுதியின் பின்பக்க பல்க்ஹெட்டுக்கு (உள்ளே நிற்கும் குறுக்குச் சுவர்) நேர் கீழே, பழைய கம்பளம் சுற்றிய மர முக்காலியை வைக்க வேண்டும். சக்கரம் தரையை விட்டு 10 செ.மீ. எழுந்தால் போதும். அதற்கு மேல் தூக்கத் தூக்க வாலின் எடை குறைந்து, மூக்கு கவிழும் ஆபத்து நெருங்கும். முக்காலி நழுவாமல் இருக்க வாலைத் தரை வளையத்தோடு கயிற்றால் கட்டிவிடுங்கள்.

செயினை ரட்டர் பக்கத்தில் கழற்றும் முன் எத்தனையாவது கண்ணியில் மாட்டியிருக்கிறது என்று இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தொகுதியைப் பிடிக்கும் போல்ட், அதன் பிறகு பட்டையை உடலோடு பிடிக்கும் போல்ட். பட்டை அடுக்கைக் கழற்றும்போது வரிசை மாறாமல் சாக்பீஸால் எண்ணிடுங்கள்.

பட்டைச் சோதனை

முழு வேலையிலும் அவசரப்படவே கூடாத இடம் இது. பட்டை ஓடும்போது ஒடிந்தால் சக்கரத்தோடு ரட்டரின் அடிப்பாகமும் போகும்.

கிரீஸ், துரு, பெயின்ட் எல்லாவற்றையும் நீக்கிச் சுத்தமாக்குங்கள். துருவை எடுக்கக் கம்பிப் பிரஷ் போதும், கிரைண்டர் வேண்டாம். குறுக்கே விழும் கீறல்தான் பிற்காலத்து விரிசலின் தொடக்கம். டை பெனட்ரன்ட்டை மூன்று இடத்தில் கட்டாயம் போட வேண்டும்: பிரதான பட்டையின் போல்ட் ஓட்டையைச் சுற்றி, உடலோடு இறுகும் இடத்தின் பின்விளிம்பு, அடுத்த பட்டையின் முனை உரசும் கோடு. சாயம் பூசிப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஊற விட்டு, துணியால் துடைத்து, டெவலப்பரை மெல்லிய படலமாக அடியுங்கள். கிளீனரை நேராகப் பட்டையின் மேல் அடித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் கழுவிப் போய்விடும். துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். வெள்ளைப் படலத்தில் சிவப்புக் கோடு எழுந்தால் அந்தப் பட்டை கழிவு.

தளர்ந்த பட்டையை வளைக்க 44ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்து லாரிப் பட்டறைக்கு எடுத்துப் போகும் ஆசை வரும். வேண்டாம். உலையில் சிவக்கக் காய்ச்சி அடித்து வளைத்தால் அதன் பதம் போய்விடும். பிறகு எண்ணெயில் முக்கி எடுத்தாலும் பழைய கடினமும் மீள்தன்மையும் அதே அளவில் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. பட்டையில் புதிதாக ஓட்டை போடுவதும் வெல்டிங் தொடுவதும்கூட இதே காரணத்தால் கூடாது. தளர்ந்ததற்கு மாற்று, விமான வகைக்குரிய புதிய பட்டைதான்.

உடல் பக்கத்து ஓட்டைகளையும் பாருங்கள். முட்டை வடிவாகியிருந்தால் போல்ட்டை இறுக்கி மறைக்கக் கூடாது. அது உடல் கட்டமைப்புப் பழுது, வடிவமைப்பாளர் சொல்லும் முறையில்தான் சீர்செய்ய வேண்டும்.

பூட்டுதலும் சாய்வைத் திருத்துதலும்

முதலில் எல்லாவற்றையும் பழைய போல்ட்டால் தற்காலிகமாகப் பூட்டி, விமானத்தை இறக்கி, முழுப் பாரத்தில் கிங்பின் கோணத்தை அளந்துவிடுங்கள். புதிய நட்டுகளை அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும்.

கோணம் சில டிகிரி போதவில்லை என்றால் ஆப்பு வடிவ அலுமினிய அல்லது எஃகுத் தகடு வைக்கலாம். பட்டையின் கீழ் தொகுதி தொங்கும் அமைப்பில், இரண்டுக்கும் நடுவே ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். அப்போது தொகுதியின் பின்பாகம் கீழே தள்ளப்பட்டு, கிங்பின்னின் மேல்முனை பின்னால் சாயும். 50 மி.மீ. நீளத்தில் 3 டிகிரி வேண்டுமானால் தடித்த விளிம்பு மெல்லிய விளிம்பைவிட 2.6 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். லேத்துக்குக் கொடுக்கும் முன் அட்டையை மடித்து வைத்து, திசை சரிதானா என்று பார்த்துவிடுங்கள். இதில் திசை மாறுவது எளிது, மாறினால் பிழை இரட்டிப்பாகும். ஆப்பு வைத்த பிறகு போல்ட் தலையும் நட்டும் சாய்வாக உட்காரும். அதற்கு எதிர்ச் சாய்வு வாஷர் தேவை. இல்லாவிட்டால் போல்ட் வளைந்து இறுகி, தலைக்குக் கீழே ஒடியும்.

பட்டைக்குப் பதிலாகக் கூம்பு வடிவ எஃகுக் கம்பி ஸ்பிரிங் உள்ள விமானங்களில் ஆப்புக்கு இடம் கிடையாது. அங்கே வேறு வளைவுள்ள கம்பியோ வேறு கோணத் தலைப்பகுதியோ வாங்குவதுதான் வழி.

கோணம் சரியானதும் புதிய போல்ட், நட்டுக்கு மாறுங்கள். நைலான் நட் கையாலேயே ஓடினால் அதன் பிடி போய்விட்டது, தூக்கிப் போடுங்கள். சுழலும் பாகம் தாங்கும் போல்ட்டில் நைலான் நட் கூடாது, கோட்டை நட்டும் (தலையில் பள்ளங்கள் வெட்டியது) ஸ்பிளிட் பின்னும்தான். போல்ட்டின் மரைப்பகுதி ஓட்டைக்குள் பாரம் தாங்கக் கூடாது, வழவழப்பான தண்டுதான் தாங்க வேண்டும். வாஷரைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்யுங்கள்.

எண்ணெய் படாத நுண்மரைக்குப் பொதுவான இறுக்க அளவுகள்: 1/4 அங்குல போல்ட்டுக்கு 5.6 முதல் 7.9 நியூட்டன் மீட்டர், 5/16க்கு 11.3 முதல் 15.8, 3/8க்கு 18 முதல் 21.5. நைலான் நட் என்றால், அது சும்மா ஓடவே எடுக்கும் விசையை முதலில் டார்க் ரெஞ்ச்சில் பார்த்து இந்த அளவோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இறுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே குறைந்தது ஒரு மரையாவது தெரிய வேண்டும். நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயின்ட் கோடு ஒன்று இழுத்துவிட்டால், பின்னால் நட் நகர்ந்தால் பார்த்ததும் தெரியும்.

கிரீஸைப் பொறுத்தவரை, புஷ்ஷுக்கும் கிங்பின்னுக்கும் தாராளமாகப் போடலாம். உராய்வுத் தட்டு உள்ள வகையில் அந்தத் தட்டின் மேல் கிரீஸ் படக் கூடாது. ஆட்டத்தை அடக்குவதே அந்த உராய்வுதான். கிரீஸ் கன் கிடைத்ததே என்று நிறைய அழுத்தி, உராய்வையே கொன்றுவிட்டு, "புதிய சக்கரமும் ஆடுகிறது" என்பவர்கள் உண்டு.

ரட்டர் இணைப்பு

சக்கரம் உடலின் நடுக்கோட்டில் இருக்கிறதா என்று நூல் கட்டிப் பாருங்கள். மூக்கின் நடுவிலும் வாலின் நடுவிலும் தூக்குக்குண்டு விட்டு, இரண்டு புள்ளிக்கும் இடையே தரையில் நூலை இழுத்துக் கட்டி, சக்கரத்தை அதற்கு இணையாக நிறுத்துங்கள். ரட்டரை நடுவில் பூட்டி வைத்துக்கொண்டு செயினை மாட்ட வேண்டும்.

செயின் விறைப்பாக இருக்கக் கூடாது. விறைத்தால் சக்கரத்தின் ஒவ்வொரு அதிர்வும் ரட்டருக்கும் பெடலுக்கும் போகும். தொங்கவும் கூடாது. தொங்கினால் பெடலை மிதித்த பிறகு சற்று தாமதித்துத் திரும்பி, ஓட்டுநர் கூடுதலாக மிதித்துவிடுவார். விமானம் தரையில் பாரத்தோடு நிற்கும்போது கண்ணிகளில் லேசான தளர்வு, அவ்வளவே. பிறகு வாலைத் தூக்கிப் பட்டையைத் தொங்க விட்டு மறுபடி பாருங்கள். பறக்கும்போது இருக்கும் நிலை அதுதான். அங்கே செயின் ரட்டரை இழுக்கக் கூடாது.

ஸ்பிரிங்கில் இழுவை வகையைவிட, உள்ளே கொக்கிக் கம்பிகள் எதிரெதிராக அழுத்தும் அமுக்கு வகை பாதுகாப்பானது. சுருள் ஒடிந்தாலும் இணைப்பு விடாது. சில தொகுதிகளில் இடது, வலது ஸ்பிரிங்கின் வலிமை வேண்டுமென்றே வேறாக இருக்கும். இரண்டும் ஒரே தாளத்தில் துடிக்காமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அது தயாரிப்புப் பிழை என்று ஒன்றை மாற்றிவிடாதீர்கள். திறந்த எஸ் கொக்கிகளுக்குப் பதில் திருகி மூடும் வளையம் போட்டு, திருகைக் கம்பியால் கட்டுங்கள்.

ஒருவர் பெடலை முழுதும் மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ரட்டர் தன் ஸ்டாப்பைத் தொடும் முன் ஸ்பிரிங் முழுதாக இறுகிக் கட்டையாகக் கூடாது. வாலைப் பலமாக அமுக்கியபடி இதையே மறுபடி செய்யுங்கள். பட்டை வளையும்போது சக்கரத்தின் கை ரட்டரின் அடியில் இடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். விடுபடும் வகையில், வாலைப் பக்கவாட்டில் தள்ளி இரு பக்கமும் ஒரே அளவு விசையில் விடுபடுகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் எளிதில் விடுபட்டால் பக்கக் காற்றில் விமானம் அந்தப் பக்கம் சுழன்றுவிடும்.

தரை ஓட்டச் சோதனை

காற்று எழாத விடியற்காலையில் செய்யுங்கள். ஆடி மாதக் காற்றில் இந்த வேலை வேண்டாம். முதலில் நடை வேகம், எட்டு வடிவில் இரு பக்கமும் திருப்பம். பிறகு மணிக்கு 20 கி.மீ., 30, 40 என்று படிப்படியாக, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நிறுத்திப் போல்ட் கோடுகளையும் செயினையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஆட்டம் வந்தால் த்ராட்டிலை மூடித் தானாக வேகம் குறைய விடுங்கள். பிரேக்கை அழுத்தி மிதித்தால் மூக்கு கவிழலாம்.

ஓசூர் பக்கம் பறப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஓடுபாதை இருக்கும் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். 30 டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத் தர அளவில் சுமார் 85 சதவீதம்தான். மானியில் அதே வேகம் காட்டினாலும் காற்றினூடே உண்மையான வேகம் 8 சதவீதம் கூடுதல். மணிக்கு 70 கி.மீ. என்று மானி சொல்லும்போது, காற்றில்லாத நாளில், சக்கரம் தரையைத் தொடுவது 76 கி.மீ. வேகத்தில். வேகத்தின் இருமடிப் பெருக்கம் என்பதால் சக்கரம் சந்திக்கும் ஆற்றல் 17 சதவீதம் கூடும். தாழ்ந்த இடத்தில் ஆடாத சக்கரம் இங்கே ஆடுவதற்கு இதுவே போதும். ஆகவே சோதனையைக் குளிர்ந்த காலையில் முடித்துவிட்டு, "சரியாகிவிட்டது" என்று எழுதாதீர்கள். காலையில் நன்றாக ஓடிய பிறகு, காற்று அமைதியான ஒரு வெயில் நேரத்திலும் ஓட்டிப் பாருங்கள். அது தனியார் ஓடுபாதை, முன் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது.

பிறகு பார்க்க வேண்டியவை

முதல் 5 மணி நேரப் பறப்புக்குப் பின் எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள். புதிதாகப் பூட்டிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும்போது இறுக்கம் குறையும். 25 மணி நேரத்துக்கு ஒருமுறை பழைய கிரீஸ் வெளியேறும் வரை புதியதைச் செலுத்தித் துடைத்துவிடுங்கள். வெளிவரும் கிரீஸ் செங்கல் நிறத்தில் இருந்தால் இடைவெளியை இன்னும் குறைக்க வேண்டும். மழைக்காலத்தில் சேறான பாதையில் ஓடினால் அன்றே தண்ணீரில் கழுவலாம், ஆனால் சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் குழாயைப் பேரிங்குக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும். வருடாந்திரச் சோதனையில் பட்டைக்கு டை பெனட்ரன்ட்டும் முழுப் பாரக் கோண அளவும் சேர வேண்டும். கோணத்தை ஒவ்வொரு வருடமும் எழுதி வைத்தால், பட்டை தளர்வது ஆட்டமாக வெளிப்படும் முன்பே எண்ணில் தெரிந்துவிடும்.

இந்தியப் பதிவைக் குறிக்கும் விடி (VT) எழுத்துகளில் பதிவான விமானம் என்றால் இந்த மாற்றம் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிகளுக்கு உட்பட்டது. சக்கரத் தொகுதி வேறு வகை, எடை வேறு, ஆப்புத் தகடு புதிது என்று எது மாறினாலும், வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் விமானத்தைச் சான்றளிக்கும் பொறியாளரிடம் பேசி, என்ன ஒப்புதல் வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லாக் புத்தகத்தில் பழைய, புதிய தொகுதிகளின் பாக எண், இரண்டின் எடை, புதிய காலி எடையும் ஈர்ப்பு மையமும், போல்ட்டுகளின் இறுக்க அளவு, காலியிலும் பாரத்திலும் எடுத்த கிங்பின் கோணம் ஆகியவற்றைத் தேதியோடு பதியுங்கள்.